இடுப்புக்குள் ஒரு முலாம்

பூச்சு என்று ஒன்று இருந்தால் அது உரியும். இந்த விஷயத்தில் சபாநாயகத்துக்குத் துளிக்கூடச் சந்தேகம் கிடையாது. உலகத்தில் அவர் சந்தேகப்படாத விஷயம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லிவிடலாம். சிதம்பரத்தில் கவரிங் பட்டறை வைத்து, செம்புக்கும் பித்தளைக்கும் தங்க முலாம் பூசியே தலை நரைத்த மனுஷர். எத்தனை கழுத்து, எத்தனை காது, எத்தனை கல்யாண வீடு. எல்லாம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பல்லிளித்தது. வேர்வைக்காரி கழுத்தில் சீக்கிரம், பீரோவில் பூட்டி வைக்கிறவளிடம் மெதுவாக, அவ்வளவுதான் வித்தியாசம். சங்கிலியில் முதலில் போவது எது தெரியுமோ, கண்ணியும் கண்ணியும் உரசுகிற இடம். மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கம். வளையலில் இன்னொரு வளையலோடு மோதுகிற விளிம்பு. உரசுகிற இடத்தில் முலாம் நிற்காது, பிரம்மதேவன் வந்து பூசினாலும் நிற்காது. இப்படியெல்லாம் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்து கடலூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஓட்டை போட்ட இரும்பு நாற்காலியில் உட்காரவைத்து, அவருடைய இடது இடுப்புக்குள்ளேயே ஒரு பூச்சையும் வைத்துவிட்டால் அவர் என்னதான் செய்வார்? உள்ளே உரசாத இடம் எங்கே இருக்கிறது? உட்கார்ந்தால் உரசும், எழுந்தால் உரசும், இருமினால்கூட. இதோ இப்போது கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாரே, ஏதோ மெல்ல நறநறத்த மாதிரி இல்லை? நாற்காலியா? நாற்காலியாகத்தான் இருக்கும். இன்னொரு தடவை சாய்ந்து பார்த்தார். சத்தம் வரவில்லை. வராததுதான் அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

டாக்டர் நௌஷாத் நல்லவர்தான், அதிலும் சந்தேகம், இவ்வளவு நல்லவராக இருப்பானேன். ஆபரேஷனுக்கு முன்னால் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சாமானை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். கத்திரிக்காய்க் காம்பு மாதிரி வளைந்த உலோகத் தண்டு, டைட்டானியமாம், தொடை எலும்புக்குள் அடித்து இறக்குவார்களாம், சிமெண்ட் கிடையாதாம். சிமெண்ட் இல்லாமல் எது சார் நிற்கும், வாசற்படிகூட நிற்காதே என்று கேட்கத்தான் நினைத்தார். அதற்குள் டாக்டர் தண்டின் மேல்பாதியைக் காட்டினார். அந்தப் பாதி மட்டும் பளபளப்பு இல்லாமல், வெளிறிப்போய், கரகரவென்று இருந்தது. "எலும்புல என்ன சத்து இருக்கோ அந்தச் சத்தையே தூளாக்கி, பயங்கர சூட்டுல உருக்கி இது மேல அடிச்சிருக்காங்க சார். சாதாரணப் பூச்சு இல்ல இது, பயோ ஆக்டிவ். உங்க எலும்பு இதப் பாத்ததும் வேத்தாளுன்னு நெனைக்காது. நம்மாளுதான்னு நெனச்சுக்கிட்டு வந்து ஒட்டிக்கும்." அந்த 'நெனச்சுக்கிட்டு'வில் சபாநாயகத்தின் மனசு அன்றைக்கு மாட்டிக்கொண்டது, இன்றைக்கு வரைக்கும் விடுபடவில்லை. நெனச்சுக்கிட்டுன்னா என்ன அர்த்தம்? அசல் இல்லை, அசல் மாதிரி. பொண்ணு வீட்டார் நெனச்சுக்கிட்டாங்க, சம்பந்தி நெனச்சுக்கிட்டாங்க, திருடன்கூட நெனச்சுக்கிட்டான். கண்ணை ஏமாற்றலாம், அவரே எத்தனையோ கண்ணை ஏமாற்றியிருக்கிறார், அது தொழில். எலும்பை ஏமாற்ற முடியுமா? எலும்புக்குக் கண்ணா இருக்கிறது? டாக்டர் போனில் பேசத் திரும்பிய சமயம் பார்த்துக் கட்டைவிரல் நகத்தால் அந்தக் கரகரப்பை ஒரு சுரண்டு சுரண்டினார். நகத்து இடுக்கில் வெள்ளையாக என்னவோ ஒட்டியது. சுண்ணாம்பா? காலையில் பெண்டாட்டி மங்கை தேங்காய் துருவச் சொன்னாளே, அந்தத் துருவலாகவும் இருக்கலாம். ஆனால் ஒட்டியது ஒட்டியதுதானே. அந்த நகத்தோடுதான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

இன்றைக்குத் தெரிந்துவிடும். மூன்று மாசம் ஆகிவிட்டது, எலும்பு வந்து பிடித்திருந்தால் பிழைத்தார், பிடிக்காமல் தண்டு உள்ளே ஆடிக்கொண்டிருந்தால் திரும்பவும் தொடையைத் திறந்து, அடித்து இறக்கியதை அடித்து வெளியே எடுத்து, இதைவிடப் பெரிய தண்டாக ஒன்றை இறக்குவார்கள். முதல் தடவையே மயக்கம் தெளிகிற நேரத்தில் சுத்தியல் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, நிஜமாகக் கேட்டதா கனவா தெரியாது. இன்னொரு தடவை தாங்காது. உடம்பு தாங்கினாலும் அவர் தாங்கமாட்டார். படுத்த படுக்கையாகக் கிடந்து, பட்டறையில் எவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல், முலாம் கரைசலில் தங்கத்தைக் குறைத்தானா, அதில் விடுகிற கரண்டைக் கூட்டினானா என்று கூரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு... சீ, விடு. பக்கத்து நாற்காலியில் பண்ருட்டிக்காரர் ஒருவர், முழங்கால் கேஸ், உட்கார்ந்ததிலிருந்து பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "இடுப்பா? எங்க சம்பந்தி ஒருத்தரு வெச்சாருங்க. லூசாயிடுச்சு." சபாநாயகம் முழுசாக அவர் பக்கம் திரும்பினார். "லூசாயிடுச்சுன்னா?" "ஆடிடுச்சுங்க. திரும்பத் தொறந்தாங்க." "இப்ப எப்படி இருக்காரு?" "இருக்காரு" என்றார் பண்ருட்டிக்காரர். அவ்வளவுதான். இருக்காரு என்றால் எப்படி இருக்காரு? நடக்கிறாரா, கிடக்கிறாரா? அந்த ஆள் அதற்குமேல் வாயைத் திறக்காமல் செல்போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். இத்தனை நேரம் பேச்சுக்கு அலைந்தவர் சரியாக இந்த இடத்தில் நிறுத்துவானேன்? ஒருவேளை செத்துகித்துப் போய்விட்டாரோ, ஆஸ்பத்திரியில் வைத்து அதைச் சொல்லவேண்டாம் என்று பார்க்கிறாரோ.

அப்போதுதான் கவனித்தார், பக்கத்தில் மங்கையைக் காணோம். இத்தனை நேரம் இந்தப் பக்கம்தானே உட்கார்ந்திருந்தாள். மங்கையர்க்கரசி, அவருடைய சம்சாரம், சொல்லாமல் எழுந்து போகிற வழக்கமே கிடையாது. தண்ணி குடிக்கப் போனாலும் "என்னங்க, தோ வந்துட்டேன்" என்பாள். கழுத்தை நீட்டிப் பார்த்தார். டாக்டர் அறையின் கதவு லேசாகத் திறந்திருந்தது, அந்த இடுக்கில் அவளுடைய பாசிப்பச்சைப் புடவை. உள்ளே! நோயாளி வெளியே, பெண்டாட்டி உள்ளே. கூப்பிட்டார்களா, இவளாகப் போனாளா? அவள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறாள், டாக்டரின் தலை குனிந்து குனிந்து ஆமோதிக்கிறது. பிறகு வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை, கழுவி வைத்த தட்டு மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்க போன?" "சும்மா. நேரமாவுமான்னு கேட்டேன்." "அதுக்கு உள்ள போவணுமா?" "நர்ஸம்மா இல்லீங்க." "ஆவுமாமா?" "எது?" "நேரம்." "தெரியலீங்க." பாருங்கள், நேரமாகுமா என்று கேட்கப் போனவளுக்கு நேரமாகுமா என்று தெரியவில்லை. சபாநாயகத்துக்குப் புரிந்துவிட்டது. எக்ஸ்ரே வந்துவிட்டது. கெட்ட சேதி. பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள், இவர் தாங்கமாட்டார், நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள் என்று.

மெதுவாக எங்கே, இது இன்றைக்கு ஆரம்பித்த கதையா? யோசித்துப் பார்த்தால் போன வாரமே ஆரம்பித்துவிட்டது. போன வாரம் முழுக்க மங்கை ஒரு சண்டைகூடப் போடவில்லையே. ரசத்தில் உப்பு இல்லை என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தார், பேசாமல் உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். சண்டை போடாத மங்கை சாதாரண மங்கை இல்லை. திடீரென்று கேழ்வரகுப் புட்டு, பிரண்டைத் துவையல், எள்ளுருண்டை, எலும்புக்கு நல்லது எலும்புக்கு நல்லது என்று. பிடித்துப்போன எலும்புக்கு எதற்கம்மா இத்தனை எள்ளுருண்டை? பெங்களூரிலிருந்து உமாபதி தினமும் போன் பண்ண ஆரம்பித்தான். பெற்ற பிள்ளைதான், பண்டிகைக்குக்கூட நினைவுபடுத்தித்தான் போன் வரும். அவனோடு பேசும்போது இவள் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள், சிக்னல் இல்லையாம். அந்தக் கொல்லையில் இருபது வருஷமாக எவனுக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது? ஒருநாள் பாத்ரூமிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "அப்பா கிட்ட நான் ஒண்ணும் கேக்கலடா. டாக்டரு கிட்டயே நேரா சொல்லிக்கலாம்." என்ன சொல்லிக்கலாம்? எதைச் சொல்லிக்கலாம்? தண்ணியைக் காலில் ஊற்றியபடி அப்படியே நின்றார்.

அந்தப் பாத்ரூமில் அவர் செய்கிற காரியங்கள் அவருக்கு மட்டும்தான் தெரியும், சொன்னால் சிரிப்பார்கள். காலையில் முதல் சிறுநீரை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பார், பளபளவென்று ஏதாவது மிதக்கிறதா என்று. உரிந்த பூச்சு எங்கேயாவது வெளியேறித்தானே ஆகவேண்டும். மிதக்கவில்லை என்றால், அப்படியானால் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, ரத்தத்தோடு ரத்தமாக, நெஞ்சுக்குப் போனாலும் போகும். பட்டறையிலிருந்து காந்தத்தை வரவழைத்தார், பித்தளை என்று சொல்லி இரும்பைத் தள்ளிவிடுகிற வியாபாரிகளைக் கையும் களவுமாகப் பிடித்த காந்தம். கதவைச் சாத்திக்கொண்டு தழும்பின் மேலே வைத்து அழுத்தினார். ஒட்டவில்லை. அப்பாடா, இரும்பு இல்லை, டைட்டானியம்தான் என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷமே காந்தம் வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்து கதவுத் தாழ்ப்பாளில் வைத்தார், டப்பென்று ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெளியே மங்கை, "என்னங்க, விழுந்துட்டீங்களா?" என்று கதவைத் தட்டினாள். "இல்லடி, சோப்பு." அவள் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள். எதையும் நம்பி எதையும் கேட்காமல் போவாள் அவள், அதுதான் அவளிடம் அவருக்குப் பிடித்தது. அதுதான் அவருக்குப் பயமும். இந்த வளையல் சமாச்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் அசல் தங்கத்தில் இரண்டு வளையல் செய்து கொடுத்து, கவரிங்தான், பட்டறை மிச்சத்தில் செய்தது என்று சொல்லிவிட்டார். அசல் என்று தெரிந்தால் அவள் அண்ணன்காரன் வந்து கண்ணைக் கசக்குவான், இவள் கழற்றிக் கொடுத்துவிடுவாள், அந்தப் பயம். கவரிங்தானே என்று அவள் பாத்திரம் தேய்த்தாள், மாவு ஆட்டினாள், கிணற்றுக் கட்டையில் இடித்துக்கொண்டாள். வருஷக்கணக்காகக் கறுக்காத கவரிங்! ஊரிலே எவளாவது நம்புவாளா? ஆனால் அவள் ஒருநாளும் கேட்கவில்லை. கையில் கனம் தெரியாதா ஒரு பொம்பளைக்கு? தெரிந்துதான் கேட்கவில்லையோ? கேட்கவில்லை என்றால் தெரியாது என்று அர்த்தமா, தெரிந்ததனால்தான் கேட்கவில்லை என்று அர்த்தமா? இதில் அவர் எத்தனையோ மத்தியானத் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறார்.

ஆனால் இடது காலை அவர் பத்திரமாக வைத்திருந்தார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. கவரிங் வாங்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் என்ன சொல்வார்? "கேரண்டி இருக்கும்மா, ஆனா பாத்து வெச்சுக்கணும். குளிக்கும்போது கழட்டிடுங்க, வேர்வை படக்கூடாது, ஒண்ணோட ஒண்ணு உரசக்கூடாது. விசேஷத்துக்குப் போட்டுட்டு பஞ்சுல சுத்தி வெச்சுடுங்க, பத்து வருஷம் அப்படியே இருக்கும்." உண்மைதான், பயன்படுத்தாத முலாம் போகவே போகாது. அதையேதான் காலுக்கும் செய்தார். ஆரம்பத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாரம் கொஞ்சமாகப் போடுங்கள் என்றார் டாக்டர், அது அவருக்குத் தேனாக இருந்தது. அப்புறம் ஆறாவது வாரத்தில், "இனி பயப்படாதீங்க சார், முழு பாரத்தையும் போட்டு நடங்க" என்றார். சரிங்க சார் என்றார் சபாநாயகம். சரிங்க சார் என்று சொன்ன வாய்க்குள்ளேயே, நீ சொல்லுவப்பா, உரியப்போறது என் இடுப்புல என்றும் சொல்லிக்கொண்டார். அதிலிருந்து நடைவழியில் காலையும் சாயங்காலமும் வாக்கரோடு டக் டக்கென்று போய்வருவது என்னவோ உண்மைதான், மங்கை அடுப்படியிலிருந்து பார்க்கிற தூரத்தில்தான். ஆனால் பாரம் எல்லாம் இரண்டு கையிலும் வலது காலிலும். இடது கால் தரையைத் தொடும், அவ்வளவுதான், சுடுகல்லைத் தொடுகிற மாதிரி. பூச்சுமேல் ஒரு உரசல் விடவில்லை. தோள் இரண்டும் கொத்தனார் தோள் மாதிரி ஏறிவிட்டது. இடது தொடைதான் என்னவோ கொஞ்சம் சூம்பின மாதிரி, வேட்டிக்குள் யாருக்குத் தெரியப்போகிறது. இதுவரைக்கும் இந்த வித்தையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பெருமைகூட வந்தது. இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்தும் பிடிக்கவில்லை என்றால் அது சாமானுடைய குற்றம், டாக்டருடைய குற்றம், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால். ஐயோ, பிடிக்கவில்லை என்றால் சட்டையைப் பிடித்து என்ன ஆகப்போகிறது.

"சபாநாயகம் சார், வாங்க."

கம்ப்யூட்டர் திரையில் அவருடைய இடுப்பு, இரண்டு பக்கமும். கறுப்பில் சாம்பலாக எலும்பு, இடது பக்கத்துக்குள் பளீரென்று அந்தத் தண்டு. சபாநாயகம் மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து, தேர்ந்த கண்ணால் ஓரமெல்லாம் தேடினார், எங்கே உரிந்திருக்கிறது, எங்கே பிசிர். ஒன்றும் தெரியவில்லை. தெரியாத மாதிரிப் படம் பிடித்திருக்கிறார்கள். டாக்டர் நௌஷாத் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். "வலி இருக்கா சார்?" "இல்லீங்க சார்." "முழு பாரமும் போட்டு நடக்கறீங்கல்ல?" "நடக்கறேன் சார். காலைல, சாயங்காலம், ரெண்டு வேளையும். இவளயே கேளுங்க." கேளுங்க என்று சொல்லிவிட்டு மங்கையைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டு, மளிகைக் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள். "இல்லீங்க டாக்டர். ஒரு நாளும் ஊணல. வீட்டுக்குள்ள போட்டுக்கற புதுச் செருப்பத் திருப்பிப் பாத்தேன். வலது அடியில கோடெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. இடது வாங்கினப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே இருக்கு. அதத்தான் மொதல்ல வந்து சொன்னேன்."

செருப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்! அவர் எப்படிச் சங்கிலியைத் திருப்பிப் பின்பக்கம் செம்பு தெரிகிறதா என்று பார்ப்பாரோ அப்படி. அவர் தூங்குகிற நேரம் பார்த்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு. எத்தனை நாளாக? அவள் மறைத்ததெல்லாம் இதுதானா, கொல்லைப்பக்கம் போனது, உமாபதி, எள்ளுருண்டை, எல்லாம் இதுதானா? வேவு பார்த்திருக்கிறாள், கூட இருந்துகொண்டே வேவு! முகமெல்லாம் சூடாகி, என்ன பேசுகிறோம் என்று தெரியாமலேயே, "தேய்ஞ்சிடும் சார்" என்றார். "என்னது சார் தேய்ஞ்சிடும்?" "பூச்சு. நான் முலாம் வேலை செய்யறவன் சார். உரசினா நிக்காது. அதான் ஊணல. பத்திரமா வெச்சிருந்தேன்." டாக்டர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார், அவர் சிரிக்கவில்லை, அதனால்தான் சபாநாயகத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"சார், இந்தப் பூச்சு நிக்கறதுக்கு அடிச்சது இல்ல" என்றார் டாக்டர். "இது போறதுக்குத்தான். எலும்பு வந்து இதக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டு, இது இருந்த எடத்துல தான் வந்து உக்காந்துக்கணும். கடைசில பூச்சு இருக்காது. எலும்பும் டைட்டானியமும்தான் இருக்கும். ஆனா பாரம் விழாத எடத்துக்கு எலும்பு வராது சார். நமக்கு இங்க வேலை இல்லன்னு விட்டுட்டுப் போயிடும். இந்தாங்க பாருங்க." பேனா முனையால் தண்டைச் சுற்றி ஒரு இடத்தைக் காட்டினார். வலது இடுப்பில் அந்த இடத்தில் எலும்பு அடர்த்தியாக, வெள்ளையாக இருந்தது. இடதில் புகை மாதிரி. "பிடிக்கவே இல்லையா சார்?" குரல் தன் குரல் மாதிரி இல்லை என்று அவருக்கே பட்டது. "மேல கொஞ்சம் பிடிச்சிருக்கு. கீழ வரல. வந்திருக்கணும். இன்னும் ஆடல, அது உங்க அதிர்ஷ்டம். இன்னிலேர்ந்து ஊணி நடந்தா வரும்னு நெனைக்கிறேன். இதே மாதிரி பத்திரமா வெச்சிருந்தீங்கன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை, சுத்தியல் சத்தம் சபாநாயகத்தின் காதுக்குள் கேட்டது. யாரும் அவரை ஏமாற்றவில்லை. சாமான் அசல், டாக்டர் அசல், பூச்சு அவர்கள் சொன்னது சொன்னபடி காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது, இவர்தான் எலும்பை அண்டவிடவில்லை. ஒரு பெரிய வெட்கம் கிளம்பி வந்தது. அதற்குப் பின்னாலேயே, இதையும் என்னை நடக்கவைக்கத்தான் சொல்கிறாரோ என்று பழைய சந்தேகம் தலையை நீட்டியது. போய்த்தொலையேன் என்று அதை உள்ளுக்குள் அதட்டினார். அது போகவில்லை, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஒரு கைத்தடியை எடுத்துக் கொடுத்தார். "வலது கைல பிடிங்க." "ஆபரேஷன் ஆனது இடது சார்." "தடி வலது கைலதான் சார். இங்கேர்ந்து ஹால் வரைக்கும் நடந்து போங்க, நான் கதவுகிட்ட நிக்கறேன்." வாக்கர் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. அதன் பக்கம் கை தானாகப் போயிற்று. அதற்குள் மங்கை அதை எடுத்துவிட்டாள். எடுத்து, இரண்டு பக்கமும் மடக்கி, தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளி வெளியே போய்விட்டாள். இந்த மூன்று மாசமாக வீட்டு வாசலைத் தாண்டினாலே அவருக்குப் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்கிறதற்காகக் கையை நீட்டினாற்போலவே நடந்தவள், இன்றைக்கு முன்னால் போகிறாள். "மங்கை" என்றார். திரும்பவில்லை. "இந்தா, மங்கை!" பாசிப்பச்சைப் புடவையும் மடக்கின வாக்கரும் வராந்தாவில் போய்க்கொண்டே இருந்தன. என்ன முகத்தோடு போகிறாள்? காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று அழுகிறாளா? கோபமா? இத்தனை நாள் மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டே என்னை ஒரு பொய்யன் என்று நினைத்திருக்கிறாளே, இப்போது மனசுக்குள் சிரிக்கிறாளோ? தோள் குலுங்குகிற மாதிரி இருக்கிறது. வாக்கரின் கனமாகவும் இருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் அழுகையும் சிரிப்பும் ஒரே மாதிரிதானே இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் போய் மறைந்துவிட்டால், முகத்தை மறுபடி கழுவின தட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் பிரம்மதேவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குள் பார்த்துவிட வேண்டும். தடியை வலது கையில் இறுக்கிக்கொண்டு இடது காலை முன்னால் வைத்தார். வைத்தால் மட்டும் போதாது, அடுத்த அடிக்கு வலது காலைத் தூக்கியாகவேண்டும், தூக்கினால் உடம்பு மொத்தமும் அந்தத் தண்டின் மேல்தான். மங்கை திருப்பத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தூக்கினார். தொடைக்குள் ஒரு வலி மேலேயிருந்து கீழே வரைக்கும் இறங்கியது, அம்மா என்று வாய்விட்டுக் கத்திவிட்டார், பண்ருட்டிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். கால் மடங்கவில்லை. "ஏய், நில்லுடி" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் அடுத்த அடியை வைத்தார்.